பாலாற்றுக்கு நேர்ந்தது சீரழிவா, நலிவா?

பிழைதிருத்தி:

வேலையில் வந்த ஒரு சண்டையை இங்கே கொண்டு வருகிறேன். சிறிய மாத இதழ் ஒன்றுக்கு மெய்ப்பு பார்க்கிறேன். பாலாற்றைப் பற்றி நீளமான கட்டுரை வந்தது. நல்ல கட்டுரை, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஆலைக் கழிவு, மணல் அள்ளியது, கிணற்றுத் தண்ணீர் உப்பானது எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். தலைப்பு 'பாலாற்றின் சீரழிவு'. நான் அதை 'பாலாற்றின் நலிவு' என்று மாற்றினேன். சீரழிவு என்றாலே எனக்கு மேடைப் பேச்சுதான் காதில் விழுகிறது. கலாச்சாரச் சீரழிவு, இளைஞர் சீரழிவு, செல்போனால் சீரழிவு. ஏதோ ஆறு குடித்துவிட்டு நடுராத்திரி வீட்டுக்கு வந்த மாதிரி. கட்டுரையாளருக்கோ கோபம். நலிவு என்றால் ஆறு உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கிறது என்று ஆகிறது, நான் எழுதியது அது இல்லை என்கிறார். ஆசிரியர் இரண்டு பேரையும் பார்த்து 'சீர்கேடுன்னு போட்டுத் தொலைங்கப்பா' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எது சரி? அகராதியைப் பார் என்று மட்டும் சொல்லாதீர்கள். பார்த்தாகிவிட்டது, ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகக் கொடுத்துச் சுற்றவிடுகிறது.

வடகரை வாத்தியார்:

தம்பி, நான் கட்டுரையாளர் பக்கம். சீர் என்றால் ஒழுங்கு, அளவு, செம்மை. செய்யுளில் அசை கூடிச் சீர், சீர் கூடி அடி, நடுவில் ஒன்று பிசகினால் ஓசை போயிற்று. ஆற்றுக்கும் அப்படி ஒரு சீர் உண்டு, மணல் இவ்வளவு, ஊற்று இந்த ஆழத்தில் என்று. பாலாறு மேலே ஓடாத மாதங்களிலும் மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு, ஊற்றுக்கால் வெட்டியே வயலுக்குப் பாய்ச்சியிருக்கிறார்கள். மணலை அள்ளி அந்தக் கணக்கைக் கலைத்தாயிற்று. இதைச் சீரழிவு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? ஒழுக்க வாடை சொல்லில் இல்லை, மேடையில் பேசுகிறவர்கள் ஏற்றியது. அவர்கள் தொட்ட சொல்லையெல்லாம் நாம் கீழே போட்டுக்கொண்டே போனால் கடைசியில் பேச ஒன்றும் மிஞ்சாது.

தாமரைக்குளம்:

மேடைப் பேச்சாளர் மட்டுமா ஐயா? செய்தித்தாளைத் திறந்து பாருங்கள். 'சிறுமியைச் சீரழித்த வாலிபர் கைது'. குற்றம் செய்தவன் அவன், சீர் அழிந்தது அவளுக்காம். 'கற்பழிப்பு' என்று எழுதுவதை ஒருவழியாக விட்டுவிட்டு 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதப் பழகினார்கள், ஆனால் இந்தச் 'சீரழித்த' மட்டும் இன்னும் போகவில்லை, கேட்டால் தலைப்பில் இடம் போதாது என்பார்கள். ஊரில் 'அந்தப் பொண்ணு சீரழிஞ்சு போயிட்டா' என்று சொல்லும்போது அனுதாபமும் இருக்கும், பழியும் இருக்கும், எது எவ்வளவு என்று சொல்கிறவருக்கே தெரியாது. அந்தச் சொல்லைத் தூக்கி ஆற்றின் தலையில் வைத்தால் பழியும் கூடவே வரும். பிழைதிருத்தி மாற்றியது சரி.

கரிசல்காரன்:

நீங்கள் எல்லாரும் அச்சில் வந்த சீரழிவைப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் சீரழியுறது என்றால் கஷ்டப்படுவது, அலைக்கழிவது. 'நாலு புள்ளைகள வச்சுக்கிட்டு ஒத்தையில சீரழிஞ்சேன்' என்பாள் என் அப்பத்தா, அதில் பழி ஏது? கொஞ்சம் பெருமைகூட இருக்கும். தாலுகா ஆபீசில் ஒரு வாரிசுச் சான்றிதழுக்கு நாய் படாத பாடு பட்டாலும் 'போட்டுச் சீரழிக்கிறானுக' தான். அந்தக் கணக்கில் பார்த்தால் பாலாறு சீரழியத்தான் செய்கிறது, சொல் கச்சிதம்.

ஆனால் எனக்கு இந்த மூன்று சொல்லுமே பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். மூன்றும் ஆபீஸ் சொல். நம் ஆட்கள் ஒவ்வொன்று கெடுவதற்கும் ஒவ்வொரு சொல் வைத்திருக்கிறார்கள். சோறு ஊசும், பால் திரியும், மாவு புளிக்கும், பழம் அழுகும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், மரம் உளுக்கும், கயிறு இற்றுப்போகும், சேலை நைந்துபோகும், பித்தளையில் களிம்பேறும், ஓலை செல்லரிக்கும், நெல் சாவியாகும், கத்தி மழுங்கும், பல் சொத்தையாகும், சுவரில் காரை பெயரும். ஒன்றுக்குச் சொல்வதை இன்னொன்றுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஊசிப்போன சோற்றைப் பார்த்து எவனாவது 'சோற்றின் சீரழிவு' என்பானா? தண்ணீருக்கும் தனிச் சொற்கள் இருக்கின்றன. ஏரி தூர்ந்தது, ஊற்று அடைபட்டது, கரை அரித்தது, கிணறு உப்புக்கரித்தது, நிலம் உவர் பிடித்தது. கட்டுரைக்காரர் கண்ணால் கண்டது எதுவோ அதைத் தலைப்பில் போட்டுவிட்டுப் போகட்டும்.

வடகரை வாத்தியார்:

அழகான பட்டியல், ஆனால் தலைப்புக்கு உதவாது. தூர்ந்ததும் அரித்ததும் உப்பானதும் எல்லாம் ஒரே ஆற்றில் நடந்திருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுச்சொல் வேண்டாமா? அதற்குத்தானே சீரழிவு, கேடு எல்லாம்.

கேடு என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர் சொன்ன சீர்கேட்டை யாருமே மதிக்கவில்லை. இன்று கெட்ட பையன், கெட்ட பழக்கம் என்றெல்லாம் சொல்லிச் சொல்லிக் கெடு என்றாலே குணம் கெட்டது என்று ஆகிவிட்டது. பழைய வழக்கில் அப்படியில்லை. 'கேடும் பெருக்கமும் இல்லல்ல' என்கிறது குறள். பெருக்கம் செல்வம் கூடுவது, கேடு செல்வம் குறைவது, யார் வாழ்க்கையிலும் வந்து போவது, அவ்வளவுதான். 'கெட்டாலும் மேன்மக்கள் மேன்மக்களே' என்று மூதுரை சொல்வதற்கு இன்றைய பொருள் கொண்டால் வரியே உளறலாகிவிடும், ஒழுக்கம் கெட்டபின் எப்படி மேன்மக்கள்? கைப்பொருள் போனாலும் குணம் போகாது என்பது அங்கே பொருள். கெட்டும் பட்டணம் சேர் என்கிறோமே, அதுவும் இதே கெடுதல்தான். இலக்கணத்தில் இன்னும் வெறுமை. 'தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்' என்பது நன்னூல். மரம் வேர் சேர்ந்து மரவேர் ஆனால் மகரம் கெட்டது என்போம், அந்த மகரத்துக்காக யாரும் அழுவதும் இல்லை திட்டுவதும் இல்லை. திரிதலும் அங்கே வெறும் மாற்றம், வீட்டில் பால் திரிந்தால்தான் சண்டை.

எனவே பழி சொல்லில் இல்லை, நம் காலத்தில் ஏறியது. ஏறியதை இறக்கவும் முடியும்.

தாமரைக்குளம்:

யார் இறக்குவது? நன்னூல் படித்தவர்கள் சந்தாதாரர்களில் எத்தனை பேர்? தலைப்பை வாசிக்கிறவர் இன்றைய காதோடுதான் வாசிப்பார். நாற்றம் ஒரு காலத்தில் நறுமணம் என்று எல்லாரும் சொல்வார்கள், அதற்காக மல்லிகைப்பூ விற்கிற அம்மாவிடம் போய் 'நல்ல நாற்றம்' என்று சொல்லிப் பாருங்கள்.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கரிசல்காரன் அண்ணையின் பட்டியலில் பாதி எங்களுக்கு இல்லை. கறி, சோறு, மோட்டார் சைக்கிள், தண்ணி இறைக்கிற மிசின், எல்லாம் எங்களுக்குப் 'பழுது' தான். 'கறி பழுதாப் போச்சு' என்று சொன்னதற்குச் சென்னை நண்பர் ஒருவர் 'மெக்கானிக்கைக் கூப்பிடவா' என்று கேட்டார்.

சீரழிவு விஷயத்தில் தாமரைக்குளம் அக்கா சொல்வதுதான் சரி. 2009-க்குப் பிறகு எங்கட பக்கத்துப் பத்திரிகைகளில் 'கலாசாரச் சீரழிவு' என்ற சொல் வராத கிழமை குறைவு. பூங்காவில் யார் யாரோடு இருந்து கதைத்தார்கள், பிள்ளை என்ன உடுப்புப் போட்டாள், கைபேசியில் என்ன பார்க்கிறார்கள், இவ்வளவுதான் விஷயம். அவ்வளவு பெரிய யுத்தம் நடந்து முடிந்த இடத்தில் என்ன கெட்டுப்போனது, ஆரால் கெட்டது என்று கேட்க ஆயிரம் இருக்க, எல்லாவற்றையும் ஒரு சொல்லுக்குள் போட்டுக் கட்டி இளம் பிள்ளைகளின் தலையில் இறக்கிவிட்டார்கள். அந்தச் சொல்லை நான் இனி எதற்கும் பாவிக்கமாட்டேன், ஆற்றுக்கும்தான். (எங்களுக்கு ஆறே இல்லை, அது வேறு கதை. வழுக்கியாறு என்று ஒன்று இருக்கிறது, மாரியில் மட்டும் ஓடும்.)

எங்களிடம் கிணறுதான். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்து பெரிய பிரச்சினையாகி, 2019-இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கட்டச் சொன்னது (எங்கட உயர் நீதிமன்றம் என்றால் உங்கட உச்ச நீதிமன்றம்). அந்தச் சனம் 'கிணறு சீரழிஞ்சு போச்சு' என்றோ 'நலிஞ்சு போச்சு' என்றோ சொல்லிக் கேட்கவில்லை. 'கிணத்துக்க எண்ணெய் விட்டுட்டாங்கள்' என்றுதான் கதைத்தார்கள்.

மதகு:

பனங்கூடல் கடைசியில் சொன்ன வரிக்கு முன்னால் இதுவரை நடந்த விவாதம் எதுவும் நிற்காது. எல்லாரும் சொல்லின் முன்பாதியைப் பிடித்துக்கொண்டு சீரா, நலியா என்று அடித்துக்கொள்கிறீர்கள். வாலைப் பாருங்கள். அழிவு, அழிப்பு. சிதைவு, சிதைப்பு. குறைவு, குறைப்பு. 'வு' போட்டால் தானாக நடந்தது, 'ப்பு' போட்டால் ஒருவன் செய்தது. காட்டை வெட்டினால் காடழிப்பு என்று எழுதுகிறோம், சரியாகத்தான் எழுதுகிறோம். ஆற்றுக்கு வந்தால் மட்டும் சீரழிவு, நலிவு, கேடு. மூன்றிலும் செய்தவன் இல்லை. மூன்றும் ஒன்றுதான், ஒன்றும் இல்லாதவைதான்.

இதில் செய்தித்தாள் மொழி எவ்வளவு சாமர்த்தியம் என்று பாருங்கள். அரசு பஸ் கட்டணத்தை ஏற்றினால் 'கட்டண உயர்வு', ஏதோ மாவு பொங்கின மாதிரி அதுவாக உயர்ந்துவிட்டது. அதே அரசு வரியைக் கொஞ்சம் இறக்கினால் உடனே 'வரிக் குறைப்பு', இறக்கிய கை பளிச்சென்று தெரிகிறது. 2016-இல் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது பாதிப் பேர் 'பணமதிப்பிழப்பு' என்று எழுதினார்கள், பணமே தன் மதிப்பை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்த மாதிரி. 'பணமதிப்பு நீக்கம்' என்று எழுதியவர்கள்தான் நேர்மையாக எழுதினார்கள், நீக்கினவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா.

பாலாற்று வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, மாசுபடுத்தியவர்தான் அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதுதான். வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட வழக்கு, இன்றைக்கும் நாட்டில் எந்தச் சுற்றுச்சூழல் வழக்கு வந்தாலும் அதைக் காட்டாமல் வாதம் நடக்காது. தோல் ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. நீதிமன்றமே செய்தவனைக் காட்டிய பிறகு தலைப்பில் அவனை மறைப்பானேன்? 'பாலாற்றுச் சீரழிப்பு' என்று போடுங்கள், முடிந்தது.

வடகரை வாத்தியார்:

தேர்வு, ஆய்வு, பகிர்வு, நுகர்வு. நான்கிலும் செய்கிறவன் இருக்கிறான், நான்கும் 'வு' தான். பரீட்சை தானாகவா எழுதிக்கொள்கிறது? உங்கள் விதி நாலு சொல்லைப் பார்த்துப் போட்ட விதி. மேலும் 'சீரழிப்பு' என்று இதுவரை யார் வாயிலாவது கேட்டிருக்கிறீர்களா? காதுக்கு வராத சொல்லைத் தலைப்பில் வைத்தால் வாசகன் நின்று சொல்லைப் பார்ப்பான், ஆற்றைப் பார்க்கமாட்டான்.

மதகு:

இரண்டு வடிவமும் புழக்கத்தில் இருக்கிற சொற்களுக்குத்தான் சொன்னேன். தேர்வுக்குத் 'தேர்ப்பு' என்று சோடி கிடையாது, அதனால் அங்கே குழப்பமும் கிடையாது. அழிவுக்கு அழிப்பு இருக்கிறது. இருக்கும்போது ஒன்றை விட்டு மற்றதை எடுப்பது தெரிந்து செய்கிற வேலை. கேட்டதில்லை என்பதெல்லாம் ஒரு வாதமா? பாலியல் வன்கொடுமையும் முதலில் யாரும் கேட்டிராததுதான்.

தறிநாடா:

எல்லாரும் நலிவை மென்மையான சொல், பாவப்பட்ட சொல் என்று விட்டுவிட்டீர்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன் நான் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா கைத்தறி. 'நலிந்து வரும் கைத்தறித் தொழில்' என்று பாடப்புத்தகத்திலேயே என்னைப் பற்றிப் படித்திருக்கிறேன். நலிந்த நெசவாளர், நலிந்த கலைஞர், நலிவுற்ற ஆலை, இப்போது 2019-இல் வந்த பத்து சதவீத இட ஒதுக்கீட்டில் 'பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவினர்'. கவனித்துப் பாருங்கள், இந்தச் சொல் வருகிற இடத்திலெல்லாம் பக்கத்திலேயே ஒரு உதவித்தொகையோ சலுகையோ நிற்கும். நலிவு என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி, எதனால் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் தறி ஒன்றும் தானாக நலியவில்லை. 1985-இல் சட்டம் போட்டு கைத்தறிக்கென்று 22 ரகத்தை ஒதுக்கினார்கள், பிறகு அது 11 ஆயிற்று. அந்தப் பதினொன்றையும் பவர்லூமில் ஓட்டிக் கைத்தறி என்று விற்பது எல்லா ஊர் ஜவுளிக்கடை வீதியிலும் நடக்கிறது. ஒரு சேலைக்கு அப்பா நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பார், அதே மாதிரிச் சேலை பவர்லூமில் மணிக்கணக்கில் இறங்கி வரும், விலையில் எப்படி ஈடு கொடுப்பது? இதற்குப் பெயர் நலிவா? கட்டுரைக்காரர் கோபப்பட்டது நியாயம். ஆற்றை நலிந்த பிரிவில் சேர்த்துவிடாதீர்கள், நிவாரணம் அறிவித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

தாமரைக்குளம்:

தறிநாடா சொன்னதை ஏற்கிறேன், அரசாங்கத் தமிழில் நலிவு அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஆனால் வாத்தியார் சீருக்குப் பழம்பொருள் கொண்டுவந்தார் அல்லவா, அதே போல நலிக்கும் கொண்டு வரட்டுமே. நலிதல் என்றால் வாடுவது மட்டுமில்லை, வாட்டுவதும்தான். பெரியாழ்வார் பாசுரம், அரங்கனிடம் சொல்கிறார், 'எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன், அப்போதைக்கு இப்போதே சொல்லிவைத்தேன்'. எய்ப்பு என்றால் தளர்ச்சி, அது என்னை வந்து நலிகிறது. அதாவது வருத்துகிறது. ஆள் நலியவில்லை, ஆளை ஒன்று நலிகிறது. மதகு கேட்கிற செய்பவன் அங்கே இருக்கிறான்.

அதனால் 'பாலாற்றை நலிந்தவர்கள்' என்றுகூட எழுதலாம், எழுதினால் யாருக்கும் புரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

கரிசல்காரன்:

புரியாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிறகு என்னத்துக்கு?

மதகிடம் ஒரு கேள்வி. செய்தவன் செய்தவன் என்கிறீர்களே, பாலாற்றில் அவன் யார்? தோல் ஆலைக்காரர், சரி, தீர்ப்பே இருக்கிறது. மணல்? அந்த மணல் எங்கே போனது? காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னையில் நாம் குடியிருக்கிற வீட்டுச் சுவருக்குள் போனது. மேலே கர்நாடகத்தில் பேத்தமங்கலத்தில் ஏரி கட்டித் தேக்குகிறார்கள், நடுவில் ஆந்திராவில் ஓடுவது வெறும் 33 கிலோமீட்டர், அதற்குள் குப்பம் பக்கம் வரிசையாகத் தடுப்பணை. 1892-இல் சென்னை ராஜதானியும் மைசூரும் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி இன்னும் வழக்கு நடக்கிறது. நமக்கு வருகிற 222 கிலோமீட்டரில் ஆள் ஆளுக்கு ஆழ்துளை போட்டு உறிஞ்சுகிறோம். இத்தனை பேரும் சேர்ந்து செய்ததற்கு 'ப்பு' போட்டால் வாசகன் மனசில் வருவது ஒரு வில்லன்தான், ஏதோ ஒரு தொழிலதிபர். வாசகன் தன்னைக் கழித்துக்கொண்டு நிம்மதியாகப் படிப்பான். 'வு' போட்டால் செய்தவன் தெரியமாட்டான் என்கிறீர்கள், 'ப்பு' போட்டால் செய்த பாதிப் பேர் தப்பிவிடுவார்கள்.

மதகு:

வீடு கட்டினவனும் ஆற்றுக்குள் பொக்லைனை இறக்கினவனும் ஒன்றா? எல்லாரும் சேர்ந்து செய்தோம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம், வசதிதான். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கிற ஒரு குரோமேட் ஆலைக்குள் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடந்து, மழைக்கு மழை ஊறி மண்ணுக்குள் இறங்கியதே, அதில் என் பங்கு எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்.

வடகரை வாத்தியார்:

இது சொல்லைப் பற்றிய விவாதமாகத்தானே தொடங்கியது?

மதகு:

அதேதான் இன்னும் நடக்கிறது ஐயா.

பனங்கூடல்:

நான் கேட்க நினைத்தது ஒன்று. 2021 நவம்பரில் பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போன காணொளிகளை இங்கேயிருந்து பார்த்தோம். அப்படி ஒரு ஆற்றை நலிந்தது என்று எப்படிச் சொல்வது?

தறிநாடா:

எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தள்ளித்தான். வெள்ளம் வந்தது உண்மை, பாலத்தில் நின்று பார்க்கக் கூட்டம் அலைமோதியது, தரைப்பாலங்கள் பல மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் கரையோரம் சில இடங்களில் மறுபடி கழிவு நுரை கட்டியது, அதையும் படம் எடுத்துப் போட்டார்கள், அதைப் பகிர ஆள் இல்லை. ஆற்றுக்குப் பலம் போகவில்லை. அதனால்தான் நலிவு என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை.

பிழைதிருத்தி:

எல்லாருக்கும் நன்றி. கட்டுரையாளரிடம் இந்தப் பக்கத்தை அப்படியே காட்டினேன். அவருக்கு மதகு சொன்னதுதான் பிடித்தது, ஆனால் 'சீரழிப்பு' அவர் காதுக்கும் வரவில்லை. வினையாகவே எழுதிவிடலாம் என்று 'பாலாற்றைச் சீரழித்தவர்கள்' என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆசிரியருக்கும் சம்மதம். தாமரைக்குளம் சொன்ன 'சிறுமியைச் சீரழித்த' எனக்கு இப்போதும் உறுத்துகிறது, ஆனால் மூன்று பேரில் நான் ஒருவன்.

தாமரைக்குளம்:

உறுத்தினால் சொல்லியிருக்க வேண்டும். 'கெடுத்தவர்கள்' என்று போட்டிருக்கலாமே என்று சொல்ல வந்தேன், பிறகுதான் ஞாபகம் வருகிறது, பழைய சினிமாவில் 'என்னைக் கெடுத்துட்டான்' என்று அழுவதும் அந்தச் சொல்தான். எந்தப் பக்கம் போனாலும் இந்த வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். 'பாலாற்றை அழித்தவர்கள்' போதும், அந்தச் சீரைக் கழற்றிவிடுங்கள்.

வடகரை வாத்தியார்:

ஆறு அழியவில்லை, சீர்தான் அழிந்தது. அழித்தவர்கள் என்றால் பொய்த் தலைப்பு. தறிநாடா இப்போதுதான் வெள்ளக்கதை சொன்னார்.

இன்னொன்று. 'சீரழித்தவர்கள்' என்று தலைப்பு வைத்தால் வாசகன் உள்ளே போய்ப் பெயரைத் தேடுவான். கட்டுரையில் பெயர் இருக்கிறதா?

பிழைதிருத்தி:

இல்லை. 'சில ஆலைகள்', 'சில ஒப்பந்ததாரர்கள்' என்றுதான் இருக்கிறது. இருந்ததை வக்கீல் பார்த்து எடுக்கச் சொன்னார்.

வடகரை வாத்தியார்:

அப்படியானால் சீரழிவு என்றே வையுங்கள். உள்ளே ஆளைக் காட்டாத கட்டுரைக்கு ஆளைக் காட்டுகிற தலைப்பு எதற்கு?

மதகு:

அதற்குத் தலைப்பை ஏன் மாற்ற வேண்டும்? தீர்ப்பு பொதுப் பதிவு. அதில் உள்ளதை உள்ளபடி எடுத்துப் போட எந்த வக்கீலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். 1996 தீர்ப்பின் நகலை அனுப்பி வைக்கிறேன், இன்றைக்கே கட்டுரையாளரிடம் கொடுங்கள்.

கரிசல்காரன்:

கொடுக்கும்போது மணல் பத்தியில் வீடு கட்டினவர்களையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பதிப்பாளர் புதுசாகக் கட்டடம் கட்டியிருந்தால் அவரையும் சேர்த்து.